கடற்கரையில் ஒரு கணக்குப் பாடம்



பள்ளி விடுமுறை நெருங்கினால் கடற்கரைத் துப்புரவுப் பணிக்கான அழைப்புகளும் வரத் தொடங்கிவிடுகின்றன. பல்கலைக்கழக மாணவர்கள், ஆலய இளைஞர் பிரிவுகள், தனியார் நிறுவனங்கள் எனப் பலரும் இப்பணியை ஏற்பாடு செய்கிறார்கள. கையுறையும் சாக்கும் தருகிறார்கள். இரண்டு மணி நேரம் குப்பை பொறுக்குகிறோம். குழுப்படம் எடுத்துக்கொண்டு கலைகிறோம். நல்ல பணிதான், ஐயமில்லை. ஆயினும் மலாக்கா நீரிணையில் கடல் நாளொன்றுக்கு இருமுறை பெருகி இருமுறை வற்றுகிறது. இன்று துடைத்து வைத்த கரையில் நாளை காலை மீண்டும் போத்தல்களும் பைகளும் ஒதுங்கிக் கிடக்கின்றன. அப்படியானால் பொறுக்குவதால் என்ன பயன்?

இக்கேள்வியை என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் கேட்ட விதம் மட்டும் என்னை உறங்கவிடவில்லை. அதைப் பற்றியே இப்பதிவில் எழுத விழைகிறேன். அதற்கு முன்பு, கரையில் ஒதுங்கும் நெகிழி எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்றுப் பார்த்துவிடுவோம்.

கடலுக்குப் போகும் வழி

கடல் குப்பை என்றதும் கப்பலிலிருந்து கொட்டப்படுவதாகவே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அதன் பெரும்பகுதி நிலத்திலிருந்துதான் செல்கிறது. 2021ஆம் ஆண்டு 'சயின்ஸ் அட்வான்சஸ்' ஆய்விதழில் வெளிவந்த ஆய்வு, உலகின் ஆறுகள் வழியாக ஆண்டுதோறும் 0.8 முதல் 2.7 மில்லியன் டன் வரை நெகிழி கடலில் சேர்வதாக மதிப்பிட்டது. இதில் 80 விழுக்காடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகளிலிருந்து வருகிறதாம். பெரிய ஆறுகளே குற்றவாளிகள் என்றிருந்த எண்ணத்தை அவ்வாய்வு மாற்றியது. நகரங்களின் நடுவே ஓடும் சிறிய ஆறுகளே மிகுதியான நெகிழியைச் சுமந்து செல்கின்றன. நாடுகளின் வரிசையில் பிலிப்பைன்சும் இந்தியாவும் முதல் இரண்டு இடங்களைப் பெற்றன. மூன்றாவது எந்த நாடு தெரியுமா? நம் மலேசியாதான்!

சிறிய நாடு எப்படி மூன்றாம் இடத்துக்கு வந்தது என வியக்க வேண்டாம. நம் நாட்டில் மழை அதிகம், ஆறுகள் குறுகியவை, நகரங்கள் கடலுக்கு அருகில் இருக்கின்றன. தெருவில் விழுந்த குவளையை ஒரு மாலைநேர மழை வடிகாலுக்குத் தள்ளிவிடும். வடிகாலிலிருந்து ஆறும், ஆற்றிலிருந்து கடலும் வெகு தொலைவில் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். தைப்பூசத்தன்று பத்துமலையில் தண்ணீர்ப் பந்தலில் ஒரு நெகிழிக் குவளையில் மோர் வாங்கி அருந்துகிறோம். குப்பைத் தொட்டி நிரம்பி வழிகிறது. குவளையை அதன் அருகில் வைத்துவிட்டு நகர்கிறோம். மழை பெய்கிறது. குவளை பத்து ஆற்றில் இறங்குகிறது. பத்து ஆறு கோம்பாக் ஆற்றில் கலக்கிறது. கோலாலம்பூரில் மஸ்ஜித் ஜாமெக் அருகே கோம்பாக் ஆறு கிள்ளான் ஆற்றோடு சேர்கிறது. கிள்ளான் ஆறு ஷா ஆலாம், கிள்ளான் ஆகிய நகரங்களைக் கடந்து துறைமுகத்தருகே கடலை அடைகிறது. முருகனுக்காக நடந்து வந்த பக்தர் வீடு திரும்பிவிடுகிறார். அவர் அருந்திய குவளையோ கடலை நோக்கிப் புறப்பட்டுவிடுகிறது!

இக்கிள்ளான் ஆற்றில்தான் நெதர்லாந்தைச் சேர்ந்த 'தி ஓசியன் கிளீனப்' அமைப்பு, சூரிய ஆற்றலால் இயங்கும் குப்பை சேகரிப்பு மிதவையை 2019ஆம் ஆண்டில் நிறுத்தியது. ஆற்றிலேயே தடுத்துவிட்டால் கடலில் தேட வேண்டியதில்லை என்பது அதன் கருத்து. நல்ல கருத்து. அதையே இன்னும் சற்று மேலே கொண்டுபோக முடியாதா என்பதுதான் ஓர் ஆசிரியனாகிய என் கேள்வி.

"என் மகன் பொறுக்கக் கூடாது"

நான் பணிபுரியும் தமிழ்ப்பள்ளி கோலலங்காட் மாவட்டத்தில் உள்ளது. ஐந்தாம் ஆண்டு மாணவர்களை மோரிப் கடற்கரைக்குத் துப்புரவுப் பணிக்கு அழைத்துச் செல்லத் தலைமையாசிரியரின் இசைவைப் பெற்று, பெற்றோர்க்கு ஒப்புதல் கடிதம் அனுப்பினேன். ஒரு கடிதம் மட்டும் கையொப்பமின்றித் திரும்பியது. மறுநாள் மாணவனின் தந்தையே பள்ளிக்கு வந்தார். லோரி ஓட்டுநர். பணிவோடுதான் பேசினார்.

"ஐயா, தப்பா நெனைச்சுக்காதீங்க. எங்கப்பா முப்பது வருசம் ரோடு கூட்டுனவரு. என் மவனும் குப்பை அள்ளக்கூடாதுன்னுதான் நான் ராத்திரி பகலா லோரி ஓட்டுறேன். பெரிய கார்ல வர்றவன் ஜன்னலைத் தெறந்து வீசிட்டுப் போவான். அதை எம்புள்ள குனிஞ்சு பொறுக்கணுமா? நீங்களே சொல்லுங்க."

என்னால் உடனே மறுமொழி கூற இயலவில்லை. 'எந்தத் தொழிலும் இழிவன்று' என்று நன்னெறிக் கல்விப் பாடத்தில் எழுதி வைத்திருக்கிறோம். அதை அவரிடம் ஒப்பிப்பது எளிது. ஆனால் தோட்டத்தில் வெளிக்காட்டு வேலை செய்தும், நகராண்மைக் கழகத்தில் சாலை கூட்டியும் பிள்ளைகளைக் கரையேற்றிய சமூகம் நம்முடையது. அவ்வேலைகளைச் செய்தவர்களை இந்நாடு எப்படிப் பார்த்தது என்பதும் நமக்குத் தெரியும். அத்தந்தையின் சினத்தில் நியாயம் இருந்தது. பிறர் எறிந்ததை நம் பிள்ளை பொறுக்குவதோடு அன்றைய நாள் முடிந்துவிடுமானால், அதில் கல்வி எங்கே இருக்கிறது?

அன்றிரவு வெகுநேரம் சிந்தித்தேன். கடற்கரைத் துப்புரவின் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான் விடை கிடைத்தது.

பொறுக்கியவர்கள் எண்ணவும் செய்தார்கள்

இன்று உலகெங்கும் செப்டம்பர் மாதத்தில் நடைபெறும் அனைத்துலகக் கடற்கரைத் துப்புரவு நாள், 1986ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் தொடங்கியது. லிண்டா மரானிஸ், கேத்தி ஓஹாரா என்னும் இரு பெண்மணிகள் அதற்கு வித்திட்டனர். முதலாண்டில் 2,800 தொண்டர்கள் வந்தார்கள். அவர்களிடம் சாக்கோடு ஓர் அட்டையும் கொடுக்கப்பட்டது. எடுக்கும் ஒவ்வொரு பொருளையும் அதில் குறிக்க வேண்டும்: போத்தல் எத்தனை, மூடி எத்தனை, கயிறு எத்தனை என்று. குப்பை குப்பைமேட்டுக்குப் போய்விடும், எண்ணிக்கையோ தங்கிவிடும். நம் அண்டை நாடான சிங்கப்பூர் 1992 முதல் இவ்வியக்கத்தில் பங்கேற்று வருகிறது. அங்கும் எண்ணுவது பணியின் ஒரு பகுதி.

பல ஆண்டுகளாக இக்கணக்கில் முதலிடம் பெற்றிருந்தது எது தெரியுமா? சிகரெட் துண்டு! அதன் வடிகட்டி பஞ்சு போலத் தோன்றினாலும் செல்லுலோஸ் அசிட்டேட் எனப்படும் ஒருவகை நெகிழியே. 2019ஆம் ஆண்டுக் கணக்கில் முதன்முறையாக உணவுப் பொருள்களின் உறைகள் அதனை முந்தின. மக்கள் உண்ணும் முறை மாறியதைக் கடற்கரை காட்டிக்கொடுத்துவிட்டது. எண்ணாமல் விட்டிருந்தால் இதனை யார் அறிந்திருப்பார்?

மறுநாள் அத்தந்தையைத் தொலைபேசியில் அழைத்தேன். "உங்கள் மகன் பொறுக்க வேண்டாம், ஐயா. அவன் கணக்கெழுதட்டும். யார் எறிகிறார்கள் என்று கேட்டீர்கள் அல்லவா? அதைக் கண்டுபிடிக்கத்தான் போகிறோம்" என்றேன். சற்று நேரம் அமைதி. பிறகு, "அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார்.

மோரிப்பில் ஒரு காலை

குறிப்பிட்ட சனிக்கிழமை காலை, நீர் வற்றும் நேரம் பார்த்துப் போய்ச் சேர்ந்தோம். மோரிப் வெண்மணல் கடற்கரையன்று. நீர் வற்றினால் சேற்றுப்பரப்பு நெடுந்தூரம் விரிந்து கிடக்கும். இரண்டாம் உலகப் போர் முடிந்த சில நாள்களில், 1945 செப்டம்பரில், பிரிட்டிஷ் இந்தியப் படையினர் வந்திறங்கிய கரை இது. அவர்களின் வாகனங்கள் இச்சேற்றில் சிக்கித் தவித்த கதையை மாணவர்களுக்குச் சொன்னேன்.

அந்த லோரி ஓட்டுநரும் மகனோடு வந்திருந்தார். அவர் காரை விட்டு இறங்கவில்லை. ஆனால் பின்கதவைத் திறந்துகொண்டு ஒரு முதியவர் இறங்கினார். மாணவனின் தாத்தா! முப்பதாண்டு சாலை கூட்டியவர். சிறிது நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பொறுக்க மாட்டாமல் மாணவர்களிடம் வந்தார்.

"தம்பி, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு மொதல்ல பாரு. காத்துக்கு முதுகைக் காட்டி நில்லு. சாக்கை அரைக்கு மேல நெரப்பாத, ஈர மணலு பாரம். பைக்குள்ள கையை விடாத; கண்ணாடி இருக்கும், ஊசி இருக்கும். கவுத்துக் கொட்டிப் பாரு."

நான் கொடுத்த பாதுகாப்பு அறிவுரைகளில் இவற்றுள் பாதி இல்லை. மாணவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவருடைய பெயரன் கணக்கு அட்டையைப் பிடித்தபடி அவர் பக்கத்திலேயே நடந்தான். தாத்தா ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லச் சொல்ல அவன் கோடு போட்டான். நான்கு கோடு, ஐந்தாவது குறுக்கே. கணக்குப் பாடத்தில் எத்தனையோ முறை கற்பித்த முறைதான். அன்று அது உயிர் பெற்றது.

எங்கள் அட்டையில் மேலே வந்தவை இவை: உறிஞ்சுகுழல்கள், போத்தல் மூடிகள், பலகார உறைகள், பொலிஸ்டிரின் துணுக்குகள், 'பொங்குஸ்' பைகள். கடைசியாகச் சொன்னதை நம் நாட்டவர்க்கு விளக்க வேண்டியதில்லை. தேநீரையும் மைலோவையும் நெகிழிப் பையில் ஊற்றி, கயிறு கட்டி, குழல் செருகிக் கொடுப்பார்களே, அதுதான். ஒரு மாணவி வியப்போடு கேட்டாள்: "ஐயா, மூடி இவ்வளவு கிடக்குது. போத்தல் ஏன் கொஞ்சமா இருக்கு?"

அருமையான கேள்வி! விடையை அடுத்த வாரம் அறிவியல் பாடத்தில் கண்டோம். ஒரு வாளி உப்புநீரில் மூடியையும், வெட்டியெடுத்த போத்தல் துண்டையும் போட்டுப் பார்த்தோம். மூடி மிதந்தது, துண்டு மூழ்கியது. மூடி செய்யப்படும் நெகிழி நீரைவிட அடர்த்தி குறைந்தது. போத்தல் செய்யப்படும் 'பெட்' வகை நெகிழி கடல்நீரைவிட அடர்த்தி மிக்கது. மூடியைத் திருகி மூடிய வெற்றுப் போத்தல் காற்றடைத்து மிதந்து வரும். மூடி கழன்றால் நீர் புகுந்து அடியில் தங்கிவிடும். கரையில் நாம் காண்பது கடலில் கிடப்பதன் ஒரு பகுதி மட்டுமே என்பதை மாணவர்கள் தாமே உணர்ந்தார்கள்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். ஒரு முடிச்சிட்ட பையைக் கவிழ்த்தபோது வாடிய பூமாலையும் உடைந்த மண்கலயத் துண்டுகளும் விழுந்தன. யாரோ தம் குடும்பத்தவரின் அஸ்தியைக் கரைக்க வந்தவர்கள் விட்டுச் சென்றது. பிள்ளைகள் சற்றே அஞ்சி விலகினார்கள். கணக்கு அட்டையில் அதற்கு இடமில்லை. தாத்தா அமைதியாக, "பூவு கடலோட போவட்டும். பை நம்மளோட வரட்டும்" என்றார். அப்பைக்கும் ஒரு கோடு போட்டோம். 'மற்றவர்கள் எறிகிறார்கள்' என்று சொல்லிக்கொண்டிருந்த எனக்கும் அக்கோடு ஒரு பாடம். அட்டையில் இருந்தவற்றுள் பல, நம் வீட்டு விருந்திலிருந்தும் நம் வழிபாட்டிலிருந்தும் வந்திருக்கக் கூடியவையே.

கடலிலிருந்து வடிகாலுக்கு

வகுப்புக்குத் திரும்பி, எண்ணிக்கையைப் பட்டைக் குறிவரைவாக வரைந்தோம். உயர்ந்து நின்ற பட்டைகளைப் பார்த்து, "இதெல்லாம் நம்ம சிற்றுண்டிச்சாலையில இருக்குதே ஐயா" என்றான் ஒருவன். உண்மைதான். ஓய்வுநேரம் முடிந்ததும் பள்ளி வடிகாலின் கம்பித் தடுப்பில் போய்ப் பார்த்தோம். குழல், உறை, பொங்குஸ் பை! மோரிப்பில் கண்ட அதே வரிசை. அவ்வடிகால் நீர் போய்ச் சேருவது லங்காட் ஆற்றில். லங்காட் ஆறோ காஜாங், டெங்கில், பந்திங் வழியாக வந்து கடலில் கலக்கிறது.

அன்று முதல் எங்கள் கணக்கெடுப்பு வடிகாலுக்கு இடம் மாறியது. வெள்ளிக்கிழமைதோறும் இருவர் கையுறை அணிந்து, கம்பித் தடுப்பில் சிக்கியவற்றை எடுத்து எண்ணுவார்கள். இதில் ஒரு நன்மை உண்டு. மோரிப் கடற்கரைக்கு எத்தனையோ ஊர்களின் குப்பை வருகிறது. எங்கள் ஒரு பள்ளி திருந்தினாலும் அங்கே வேறுபாடு தெரியாது. பள்ளி வடிகாலில் தெரியும்.

மாணவர்கள் பட்டைக் குறிவரைவோடு சிற்றுண்டிச்சாலை நடத்தும் அம்மையாரிடம் சென்றார்கள். பைக்குப் பதிலாகக் குவளையில் பானம் தரும்படி கேட்டார்கள். அவர் மறுக்கவில்லை, ஆனால், "குவளை கழுவ ஆள் யாருப்பா? நான் ஒருத்திதானே" என்றார். இதுவும் நியாயமே. நெகிழி மலிவு என்கிறோம். அது மிச்சப்படுத்துவது பெரும்பாலும் ஓர் ஏழைப் பெண்ணின் கைவேலையை. அவ்வேலையை அவர் தலையில் கட்டிவிட்டு நாம் நல்லவர்களாகிவிட முடியாது. ஆகவே மாணவர்கள் தத்தம் குவளையைக் கொண்டு வருவதென்றும், தாமே கழுவுவதென்றும் முடிவாயிற்று. பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு குவளை அடுக்கு வாங்கிக் கொடுத்தது.

எல்லாரும் நாள்தோறும் கொண்டுவருகிறார்களா? இல்லை. மறப்பவர்கள் மறக்கிறார்கள். திங்கட்கிழமைகளில் அதிகம்! ஆயினும் பொங்குஸ் பைகளின் கோடுகள் குறைந்தன. உறிஞ்சுகுழலின் கோடுகள் ஏறத்தாழ மறைந்தே போயின. பலகார உறைகளின் கோடுகள் மட்டும் அசையவில்லை. ஏனெனில் அவை தொழிற்சாலையிலிருந்தே அப்படி வருகின்றன. அதற்குப் பிள்ளைகள் என்ன செய்ய முடியும்?

பிள்ளைகளால் முடியாதது

இவ்விடத்தில்தான் அரசும் உற்பத்தியாளரும் பொறுப்பேற்க வேண்டும். பினாங்கு மாநிலம் 2009இல் திங்கட்கிழமைகளில் இலவச நெகிழிப் பையை நிறுத்தி, 2011 முதல் எல்லா நாள்களுக்கும் அதை விரிவுபடுத்தியது. சிலாங்கூர் 2017 ஜனவரி முதல் பைக்கு 20 சென் விதித்தது. உணவுக்கான பொலிஸ்டிரின் பெட்டிகளையும் தடை செய்தது. 2018இல் நம் மத்திய அரசு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழியை 2030க்குள் ஒழிப்பதற்கான திட்டவரைவை வெளியிட்டது. சிங்கப்பூரில் 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகள் பைக்குக் குறைந்தது 5 காசு வாங்குகின்றன.

இருபது சென் ஒரு பொருட்டா எனச் சிலர் நகைப்பதுண்டு. கடைக்காரர் "பை வேண்டுமா?" என்று கேட்க வேண்டியிருக்கிறது, நாம் ஒரு கணம் நின்று எண்ண வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் அந்த இருபது சென். ஆயினும் பையோடு நில்லாமல், உறை செய்து விற்பவரே அதைத் திரும்பப் பெறும் பொறுப்பையும் ஏற்கும்படி சட்டம் நீள வேண்டும் என்பது என் கருத்து. அவ்வாறு கோருவதற்கும் எண்ணிக்கை வேண்டும். 'குப்பை அதிகம்' என்றால் யாரும் அசைய மாட்டார்கள். 'எந்தப் பொருள், எத்தனை, எந்த வாரம்' என்று தாளில் காட்டினால் காது கொடுப்பார்கள்.

2018ஆம் ஆண்டு ஜூன் மாதம் நம் எல்லைக்கு அருகே தென் தாய்லாந்தின் சோங்க்லா மாநிலத்தில் ஒரு திமிங்கிலம் இறந்தது. அதன் வயிற்றில் 80 நெகிழிப் பைகள், எட்டு கிலோ எடை! உலகமே அதைப் பற்றிப் பேசியது. அங்கேயும் யாரோ ஒருவர் அமர்ந்து ஒன்று, இரண்டு என்று எண்ணியதால்தான் அச்செய்தி நம் நெஞ்சில் தைத்தது.

இப்போது அத்தந்தையின் கேள்விக்கு என் விடையைச் சொல்லலாம். அவருடைய மகன் தாத்தாவின் வேலையைத் தொடரவில்லை. தாத்தா முப்பதாண்டு ஓயாமல் கூட்டியும் ஏன் தெரு மறுநாளே அழுக்கானது என்று கண்டறியும் வேலையை அவன் தொடங்கியிருக்கிறான். அதற்குத் தாத்தாவின் அனுபவமும் வேண்டும், பெயரனின் கணக்கும் வேண்டும்.

ஆசிரிய நண்பர்களுக்குச் சில குறிப்புகள்

1. நீரேற்ற அட்டவணையைப் பார்த்து, நீர் வற்றும் வேளையில் செல்லுங்கள். அலை ஒதுக்கிய கோட்டின் வழியே நடந்தால் போதும்.

2. மூவர் கொண்ட குழுவாகப் பிரியுங்கள். ஒருவர் எடுக்க, ஒருவர் சாக்கைப் பிடிக்க, ஒருவர் எழுதட்டும். அரைமணிக்கு ஒருமுறை மாறிக்கொள்ளட்டும்.

3. ஊசி, கண்ணாடி, மருந்துப் பொருள்களை மாணவர்கள் தொடக் கூடாது. பெரியவர்களை அழைக்கச் சொல்லுங்கள்.

4. குடிநீரைப் பெரிய கலனில் கொண்டுசெல்லுங்கள். துப்புரவுப் பணிக்குச் சிறு போத்தல்களைப் பெட்டி பெட்டியாக வாங்கிச் செல்வோரும் உண்டு!

5. உயிருள்ள சிப்பி, நண்டு ஒட்டியிருக்கும் பொருளை மெல்ல உதறி, அவற்றைக் கடலில் விட்டபின் எடுங்கள்.

6. பட்டைக் குறிவரைவு வரையாமல் அப்பாடத்தை முடிக்காதீர்கள். அதன்பின் உங்கள் பள்ளி வடிகாலுக்குப் போங்கள்.

கடற்கரை தொலைவில் உள்ள பள்ளிகள் வருந்த வேண்டாம். ஆறாவது குறிப்பின் இறுதி வரியிலிருந்தே தொடங்கலாம். பேருந்துச் செலவில்லை, ஒப்புதல் கடிதம்கூடத் தேவைப்படாது. ஒரு தாளும் ஒரு கரிக்கோலும் போதும். உங்கள் வடிகாலில் முதலிடம் பெறுவது எது என்று எண்ணிப் பார்த்து எனக்கும் எழுதுங்கள். என் மாணவர்களிடம் காட்டுகிறேன். அவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பள்ளியின் கணக்குக்காகக் காத்திருக்கிறார்கள்.